புகையிலைக் காசும் புண்ணான வாயும்: ஒரு யாழ்ப்பாணக் கணக்கு

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதின எந்தப் பொருளாதார வரலாற்றைத் திறந்தாலும் புகையிலை வரும். கல்வீடு எழும்பினது புகையிலைக் காசில். பிள்ளையை இங்கிலிஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது புகையிலைக் காசில். சீதனம் கொடுத்தது, கோயில் திருப்பணி செய்தது, காணி வழக்கு நடத்தினது எல்லாத்துக்கும் பின்னால் ஒரு தோட்டமும் அதில் நின்ற புகையிலையும் இருக்கும். அந்த வரலாற்றைப் பெருமையோடு வாசித்துத்தான் நாங்களும் வளர்ந்தோம்.

புற்றுநோயைப் பற்றி எழுதின எந்த மருத்துவ வரலாற்றைத் திறந்தாலும் அங்கேயும் புகையிலை வரும். ஆனால் அது வேற புத்தகம், வேற அலுமாரி. நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஆட்கள். மருத்துவபீடத்து அலுமாரிப் பக்கம் எங்களுக்குப் பெரிசாய் வேலை இல்லை. அதனால் இந்த இரண்டு கதையும் ஒரே இலையைப் பற்றினது என்பதே கண்ணில் படாமல் போகிறது. இந்தக் கட்டுரையில் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கப் பார்க்கிறோம். வரவு ஒரு புத்தகத்தில் இருக்கு, செலவு மற்றப் புத்தகத்தில் இருக்கு.

மலையாளத்துக்குப் போன இலை

புகையிலை எங்கட செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து ஐரோப்பியர் கொண்டுவந்தது. போர்த்துக்கேயரோடு இந்தியப் பெருங்கடல் கரைகளுக்கு வந்து, வந்த கொஞ்சக் காலத்திலேயே ஊர்ச்செடி மாதிரி ஆகிவிட்டது. புகை, இலை என்று இரண்டு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துத் தமிழர் அதுக்குப் பெயர் வைச்சினம். சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று அதைத் தூது அனுப்பியே ஒரு நூல் பாடினார். மேகத்தையும் கிளியையும் தூது விட்ட மரபில் புகையிலைக்கும் ஒரு இடம் கிடைச்சது என்றால், அந்தச் செடி எவ்வளவு தூரம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்களின் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தையாக இருந்தது திருவிதாங்கூர். எங்கட ஆட்கள் அந்தக் கரையை 'மலையாளம்' என்றுதான் சொல்லுவினம். அங்கே போன சரக்குக்கு 'மலையாளப் புகையிலை' என்றே பெயர். இது சுருட்டுக்குப் போகிற இலை இல்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுகிற காரமான இலை. குடாநாட்டுக் கரைகளில் இருந்து பாய்க்கப்பல்களில் ஏறிப்போனது.

அந்தப் பக்கத்தில் திருவிதாங்கூர் அரசுக்கும் இது நல்ல வருமானம். மிளகும் புகையிலையும் அரசின் தனியுரிமை வியாபாரம். அரசுதான் வாங்கும், அரசுதான் விற்கும். திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், புகையிலைத் தனியுரிமை நீக்கப்பட்டது. அதுக்குப் பிறகும் யாழ்ப்பாண இலை போய்க்கொண்டுதான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த வியாபாரத்துக்கென்றே இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் இயங்கும் அளவுக்கு அது பெரிய விஷயம். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வரியும்தான் அந்தச் சந்தையை மெல்ல மெல்ல மூடினது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைச்சிருங்கள். எங்கட மெல்லும் புகையிலைக்கு முக்கியமான சந்தை, திருவிதாங்கூர். கொஞ்ச நேரத்தில் திரும்ப அங்கேதான் போகப்போகிறோம்.

தோட்டம், குடில், கொட்டில்

புகையிலை சும்மா வளராது. செம்மண்ணில் கிணறு வெட்டி, துலா மிதித்து, வாய்க்காலில் தண்ணீர் விட்டு, ஆடு மாடு பட்டி கட்டி எரு போட்டு, பக்கக் கிளைகளை உடைத்து, புழுவைக் கையால் பிடித்து வளர்க்க வேணும். ஒரு கன்றுக்கு இவ்வளவு மினக்கெடுகிற பயிர் குடாநாட்டில் வேற குறைவு. அந்த மினக்கேடு யாருடையது என்பதும் வரலாறுதான். காணி பெரும்பாலும் ஒரு சாதியாரிடம் இருந்தது. துலாவில் ஏறினதும் வாய்க்காலில் நின்றதும் கனக்க இடங்களில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். 'புகையிலை வளர்த்த யாழ்ப்பாணம்' என்று பொதுவாய்ச் சொல்லும்போது இந்த வேறுபாடு காணாமல் போகும்.

வெட்டின இலையை வாடவிட்டு, குடிலில் தூக்கிக் கட்டி, கீழே பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகை போடுவினம். அந்தப் புகைதான் இலைக்கு நிறமும் மணமும் காரமும் கொடுக்கும். குடிலுக்குள் போய் வந்தவர்களின் கண்ணும் தொண்டையும் அந்த நாட்களில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அடுப்படிப் புகை குடித்த ஆருக்கும் விளங்கும்.

சுருட்டுக்குப் போன இலை கொட்டிலுக்குப் போகும். யாழ்ப்பாணச் சுருட்டு தெற்கில் சிங்கள ஊர்கள் வரைக்கும் பெயர் எடுத்தது. தீவுப்பகுதி ஆட்கள் தெற்கில் போட்ட சுருட்டுக்கடைகள் பற்றி எங்கட வீடுகளில் இண்டைக்கும் கதை இருக்கு. ஒரு கடை, பின்னால் ஒரு அறை, வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருகிற அப்பா. 1958இலும் 1983இலும் எரிந்த கடைகளில் அப்படிப்பட்ட கடைகளும் இருந்தன. கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுத்தினவர்களுக்கு ஒருவர் பேப்பர் வாசித்துக் காட்டுகிற வழக்கம் இருந்ததாக மூத்த ஆட்கள் சொல்லுவினம். கேரளத்து பீடிக் கொட்டில்களிலும் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம் இருந்தது. கை வேலை செய்ய, காது அரசியல் படிச்சது. தொழிலாளர் இயக்க வரலாற்றிலும் புகையிலைக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கு. அதையும் மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

தட்டத்தில் இருந்த மரியாதை

வெற்றிலைத் தட்டம் யாழ்ப்பாணத்தில் வெறும் தட்டம் இல்லை. வந்தவருக்குத் தட்டம் நீட்டினால் மரியாதை. நீட்டாவிட்டால் அது பகை. கலியாணம் பேசப் போனாலும், செத்தவீட்டுக்குப் போனாலும், கோயில் கூட்டத்திலும் தட்டம் இருக்கும். ஆருக்கு முதல் நீட்டுவது, ஆருக்கு எந்தத் தட்டத்தில் கொடுப்பது என்பதில் சாதியும் இருந்தது.

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. இந்த நாலும் சேர்ந்ததுதான் எங்கட அம்மம்மாமாரின் ஒரு வாய். பல்லு விழுந்த பிறகும் சின்ன உரலில் இடிச்சுப் போட்டுக்கொள்ளுவினம். கனபேர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைச்சுக்கொண்டே வேலை செய்வினம். சிலர் அப்படியே நித்திரைக்கும் போவினம். தோட்டத்தில் வெயிலில் நிற்கிற பெண்ணுக்குப் பசியையும் களைப்பையும் மறக்க வைக்க அதுதான் கையில் இருந்த மலிவான சாமான். சிகரட் பிடிக்கிற பெண்ணை ஊர் விடாது. வெற்றிலை போடுகிற பெண்ணை ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டினம். அதனால் புகையிலை பெண்களின் வாய்க்குள் போன வழி இதுதான்.

'கன்னத்துக்குள் ஒதுக்கி வைச்சுக்கொண்டு' என்று மேலே எழுதினோம். வைத்தியர்களுக்கு முதல் துப்பு கிடைத்ததும் அந்த இடத்தில்தான்.

மதராஸ், 1902. திருவிதாங்கூர், 1908. நெய்யூர், 1933.

புற்றுநோய்க்கு வெளியில் இருந்து வருகிற காரணம் இருக்கலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1761இல் லண்டனில் ஜோன் ஹில் என்பவர் மூக்குப்பொடி போடுகிறவர்களுக்கு மூக்கில் வருகிற கட்டிகளைப் பற்றி எழுதினார். 1775இல் பேர்சிவல் பொட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிற பொடியன்களுக்கு வளர்ந்த பிறகு விதைப்பையில் வருகிற புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று சொன்னார். சின்னப் பொடியன்களைத்தான் புகைபோக்கிக்குள் இறக்குவார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளைத்தான். இந்த வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒரு வேலையும் ஒரு வர்க்கமும் இருக்கு.

தென்னிந்தியாவில் இருந்த வைத்தியர்களுக்கு வேற ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் அவ்வளவாகக் காணாத கன்னப் புற்றுநோய் இங்கே வரிசையாய் வந்துகொண்டிருந்தது. 1902இல் மதராஸில் இருந்த நிப்லொக் என்ற வைத்தியர், கல்கத்தாவில் இருந்து வந்த 'இந்தியன் மெடிக்கல் கசற்' இதழில் இந்தியாவின் புற்றுநோய் பற்றி எழுதினார். வாயில் வருகிற புற்றுநோயையும் வெற்றிலை மெல்லுகிற பழக்கத்தையும் இணைத்துப் பார்த்த ஆரம்பகாலக் கட்டுரைகளில் அது ஒன்று.

1908இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஃபெல்ஸ் எழுதினது, தெற்கு இந்தியாவில் வாய்ப் புற்றுநோய்க்குச் செய்த 209 சத்திரசிகிச்சைகளைப் பற்றினது. மற்றது பென்ரல் எழுதினது, திருவிதாங்கூரில் பார்த்த 1700 புற்றுநோயாளர்களின் சுருக்கம். ஒரு பெரிய நகரத்து ஆசுபத்திரியின் கணக்கு இல்லை இது. நாட்டுப்புறத்து மிஷன் ஆசுபத்திரிகளுக்கு நடந்தும் வண்டியிலும் வந்த ஆட்களின் கணக்கு.

பிறகு 1933. லண்டனின் 'லான்செற்' இதழில் திருவிதாங்கூரின் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் காணப்படும் வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதினவரின் பெயர் ஐ. எம். ஓர். அவர் வேலை செய்த இடம் நெய்யூர், லண்டன் மிஷனின் ஆசுபத்திரி. எவரெஸ்ற் ஏறப்போன 1922, 1924 குழுக்களில் இருந்த சோமர்வெல்லும் வைத்தியராக இருந்தது அதே நெய்யூரில்தான். நோய் எப்படி வருகிறது, எப்படி இருக்கிறது, எப்படிச் சிகிச்சை செய்வது என்று மூன்றையும் ஓரின் கட்டுரை பேசினது. இண்டைக்கும் வாய்ப் புற்றுநோய் ஆய்வுகளில் அது மேற்கோள் காட்டப்படுகிறது.

நெய்யூர் இண்டைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் அது திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே பேசினது தமிழ். அந்த ஆசுபத்திரிக் கட்டிலில் கன்னம் ஓட்டையாகிப் படுத்திருந்தவர்களில் கனபேர் எங்கட மொழி கதைச்ச ஆட்கள்.

இப்ப இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1908இலும் 1933இலும் யாழ்ப்பாணத்தில் இருந்து மெல்லும் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே புண்ணான ஒவ்வொரு வாய்க்குள்ளும் இருந்தது யாழ்ப்பாண இலை என்று ஆரும் சொல்ல ஏலாது. கோயம்புத்தூர் இலையும் அங்கே போனது, வேற இலைகளும் போயின. ஆனால் அந்தச் சந்தையில் பெயர் எடுத்த சரக்கு எங்கட சரக்கு. அந்த விற்பனையின் இலாபம் இங்கே கல்வீடாக எழும்பினது. அதே இலைக்கான மற்றக் கணக்கு நெய்யூர்ப் பதிவேட்டில் ஏறினது. எங்கட வரலாற்றுப் புத்தகங்கள் முதல் கணக்கை மட்டும்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தன.

இன்னொரு விஷயமும் எங்களை உறுத்துகிறது. தமிழில் நவீன மருத்துவம் எழுத ஏலும் என்று இந்தக் குடாநாட்டிலேயே நிரூபிச்சாச்சு. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன், 1873இல் திரும்பிப் போகும் முன்னரே மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். ஆனால் தமிழ் வாய்களில் இருந்து கண்டுபிடிச்ச இந்த உண்மை ஆங்கிலத்தில், கல்கத்தாவிலும் லண்டனிலும் அச்சாகினது. வெற்றிலைத் தட்டத்தைச் சுத்தி இருந்த ஆட்களிடம் அது எப்ப, என்ன மொழியில் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

கரியில் இருந்து இலைக்கு

காரணம் தெரிஞ்சால் போதாது, எப்படி என்றும் தெரியவேணும் என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உருவாக்கிக் காட்டினார்கள். 1933இல், ஓரின் கட்டுரை வந்த அதே வருசம், லண்டனில் ஒரு குழு அந்தத் தாரில் இருந்து பென்சோபைரீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. விறகோ கரியோ இலையோ முழுசாய் எரியாமல் புகையும்போது இது உண்டாகும். பொட் பார்த்த கரியிலும் இது இருந்தது, சிகரட் புகையிலும் இருக்கு, தீப்புகையில் பதமாக்கின புகையிலை இலையிலும் இருக்கு. எங்கட குடில் செய்த வேலையை இதோடு வைச்சுப் பாருங்கள்.

புகையிலைக்கே உரிய இன்னொரு வகை இருக்கு, நைட்ரோசமீன்கள். இலையைப் பதமாக்கும்போதும் புளிக்க விடும்போதும் இலையில் உள்ள நிக்கொட்டின் மாதிரிப் பொருட்களில் இருந்து இவை உண்டாகும். நெருப்பு வைக்கத் தேவையே இல்லை. 'புகைக்கிறதுதான் கூடாது, மெல்லுறதில என்ன?' என்ற கதை இதில்தான் அடிபட்டுப் போகிறது. பாக்கிலும் தன் பங்கு இருக்கு. அதில் உள்ள பொருட்கள் கன்னத்தின் உள்தோலை இறுகப் பண்ணும். சில காலத்தில் வாயை முழுசாய்த் திறக்க ஏலாமல் போகும். அந்த நிலை சிலரில் புற்றுநோய்க்குப் போகும். சுண்ணாம்பு இந்த இரசாயன வேலைகளுக்கு வசதி செய்து கொடுக்கும்.

லியோனில் இருக்கிற பட்டியல்

மேற்கில் பெரிய திருப்பம் 1950. அந்த வருசம் பிரித்தானியாவில் டொல், ஹில் என்ற இருவரும், அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் என்ற இருவரும் சிகரட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். சிகரட் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை' என்ற ஒரே வசனத்தைப் பல வருசம் விளம்பரமாகவும் ஆய்வாகவும் விற்றன. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்த பிறகுதான் அந்த வசனம் மெல்ல எடுபடாமல் போனது.

1965இல் பிரான்சின் லியோன் நகரத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தொடங்கியது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் எவை என்று உலகம் இண்டைக்குப் பார்க்கிற பட்டியல் அங்கே இருந்து வருகிறது. முதலாம் பிரிவு என்றால் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி. 120க்கு மேற்பட்டவை அதில் இருக்கின்றன. புகையிலை, மதுபானம், அஸ்பெஸ்ரஸ், சூரிய ஒளி, பதப்படுத்திய இறைச்சி எல்லாம் அதில்தான்.

முகநூலில் இதை வைச்சுத்தான் கனக்கக் குழப்பம். 'சொசேஜும் சிகரட்டும் ஒண்டாம்!' என்று பகிர்ந்துகொண்டு திரிவினம். பட்டியல் சொல்வது அது இல்லை. புதருக்குள் இருப்பது பாம்புதான் என்று உறுதியாய்த் தெரியுமா என்பதுதான் பிரிவு. அந்தப் பாம்புக்கு எவ்வளவு விஷம், அது எத்தனை பேரைக் கடிக்கும் என்பது வேற கணக்கு. அந்தக் கணக்கில் புகையிலைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய சாமான் மிகக் குறைவு.

எங்கட தட்டம் அந்தப் பட்டியலுக்குள் வந்த விதம் கவனிக்க வேண்டியது. 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று லியோன் முடிவு செய்தது. புகையிலை சேர்க்காத வெற்றிலைக்குச் சான்று போதாது என்றது. 2004இல் வெளியான தொகுதியில் அதுவும் முடிவாகியது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்குச் சேர்ந்த வெற்றிலை முதலாம் பிரிவு. தனிப் பாக்கும் முதலாம் பிரிவு. 'நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்' என்று எங்கட வீடுகளில் சொல்லுகிற சமாதானம் இருபது வருசத்துக்கு முதலே காலாவதியாகிவிட்டது. அந்தச் செய்தி நெல்லியடிச் சந்தைக்கு இன்னும் முழுசாய் வந்து சேரவில்லை.

சட்டம் வந்த வழி

இலங்கை 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2006இல் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. சிகரட் பெட்டியில் படத்தோடு எச்சரிக்கை வந்தது. 2016இல் புகையிலை கலந்த மெல்லும் பொருட்களைச் செய்வதும் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டது.

1933இல் நெய்யூரில் இருந்து எழுதினது, 2016இல் இலங்கையில் சட்டமானது. 83 வருசம். அந்த இடைவெளியில் எங்கட மூன்று தலைமுறை வெற்றிலை போட்டது. இண்டைக்கும் இலங்கை ஆண்களில் வருகிற புற்றுநோய்களில் முன்னுக்கு நிற்பது வாய்ப் புற்றுநோய்.

அறிவு இருந்தும் சட்டம் ஏன் பிந்துகிறது? அண்மைக் கதை ஒன்று இதுக்குப் பதில் தரும். அஸ்பெஸ்ரஸ் முதலாம் பிரிவில் இருக்கிற பொருள். எங்கட பள்ளிக்கூடங்களிலும் போருக்குப் பிறகு கட்டின கனக்க வீடுகளிலும் கூரை அதுதான். அதன் இறக்குமதியை 2018இல் இருந்து கட்டுப்படுத்தப் போவதாக இலங்கை அரசு அறிவிச்சிருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. அஸ்பெஸ்ரஸை அதிகமாய் உற்பத்தி செய்யும் நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் இலங்கை அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைச்சது. ரஷ்யாவும் தேயிலைத் தடையை எடுத்தது. தேயிலைக் காசுக்கு முன்னால் எங்கட கூரை நிற்கவில்லை. திருவிதாங்கூர் அரசுக்குப் புகையிலை வருமானம் எப்படியோ, கொழும்புக்குச் சிகரட் வரி எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

ஆரைக் குற்றம் சொல்லுறது?

இதை வாசித்துவிட்டு, 'அப்ப எங்கட அப்பப்பாவைக் கொலைகாரன் எண்டு சொல்லுறீங்களோ?' என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. துலா மிதிச்ச ஆளுக்கு 'லான்செற்' வரவில்லை. குடிலில் புகை போட்டவரும் அந்தப் புகையைக் குடித்தார். கொட்டிலில் சுருட்டுச் சுத்தினவரும் நாள் முழுக்க அந்தத் தூளுக்குள்தான் இருந்தார். வெற்றிலை இடிச்ச அம்மம்மாவுக்கு அதை விட்டால் வேற ஓய்வு இருக்கவில்லை. அவர்களின் உழைப்பில் படிச்சுத்தான் நாங்கள் இண்டைக்கு இதை எழுதுகிறோம். பல்கலைக்கழகம் வரைக்கும் எங்களைக் கொண்டுவந்த காசில் ஒரு பங்கு அந்த இலையில் இருந்து வந்தது. அதாலதான் மற்றக் கணக்கையும் வாசிக்கிற கடமை எங்களுக்கு இருக்கு.

காசுப் பயிரைச் செய்யாதே என்று விவசாயியிடம் சும்மா சொல்லவும் ஏலாது. மழையை நம்பின, கிணற்றை நம்பின மண்ணில், கையில் காசு தருகிற பயிர் வேற எது, அதுக்குச் சந்தை எங்கே, கடன் ஆர் தருவது என்ற கேள்விகளுக்குப் பதில் வேணும். மலையாளச் சந்தை மூடின பிறகு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இந்த மண் மாறினது. மாற ஏலும் என்பதற்கு எங்கட சொந்த வரலாறே சாட்சி.

போர்க்காலத்தில் புற்றுநோய் வந்த ஆள் மகரகமைக்குப் போக வேணும் என்றால் பாதை திறக்க வேணும், பாஸ் கிடைக்க வேணும், கொழும்பில் தங்க இடம் வேணும். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றர் நடந்து ஆட்கள் காசு சேர்த்தார்கள். அந்தக் காசில் தெல்லிப்பழையில் எழும்பின புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறந்தது. தெற்கில் சுருட்டு வாங்கின ஊர்களின் ஆட்களும் அந்த நடையில் காசு போட்டிருப்பார்கள். தெல்லிப்பழை வாட்டும் எங்கட புகையிலை வரலாற்றின் ஒரு இடம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். யாழ்ப்பாணப் பொருளாதார வரலாற்றுக்குச் சுற்றுலா போனால் குடிலோடும் கொட்டிலோடும் நிறுத்தாமல் அங்கேயும் போக வேணும்.

வாசிக்கிற உங்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, வீட்டில் இருக்கிற வயசான ஆட்களிடம் கதை கேளுங்கள். ஆர் தோட்டம் செய்தது, ஆர் கொட்டிலில் இருந்தது, ஆருக்கு வாயில் புண் வந்து மாறாமல் போனது என்று. எங்கட ஊர்களில் 'வாயில ஒரு வருத்தம்' என்று மட்டும் சொல்லி முடிச்ச மரணங்கள் கனக்க. அதுகளையும் எழுதி வைச்சால்தான் வரலாறு முழுசாகும். இரண்டாவது, கதை கேட்கும்போது வாயையும் பாருங்கள். வெள்ளையாய் அல்லது சிவப்பாய் ஒரு படை, இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண், மூன்று விரல் உள்ளே போகாத அளவுக்கு வாய் இறுகினது, இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்க ஆசுபத்திரியில் காசு இல்லை. வேளைக்குக் கண்டால் வாய்ப் புற்றுநோயைச் சுகப்படுத்த ஏலும்.

நெய்யூரில் எழுதினது எங்கட தட்டத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம் எடுத்தது. மிச்சத் தூரம் சந்தியில் இருந்து வீட்டுக்குள்தான். அதை நாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.